தயிர்க்கார அங்கம்மாவின் முகம்

ஆடிப்பெருக்குக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது. மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் வந்து சேர்ந்து, காவிரி இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. திருவானைக்காவல் தெருக்களில் காற்று புழுதியை வாரி வாரி வீட்டு வாசல்களில் கொட்டியது. வள்ளிக்கண்ணு தன் மெஸ்ஸின் முன்கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, உள்ளே எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தாள். பெருக்கன்று அம்மா மண்டபத்துக்குப் போகிறவர்கள் சித்ரான்னத்துக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று நாலு சாதமும் கேட்டு அந்த வருடம் நாற்பது வீட்டுக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

மெஸ்ஸில் மொத்தம் ஆறு மேஜை. காலையில் இட்லி, பொங்கல். மதியம் சாப்பாடு. பின்கட்டில் வீடு. வாசலுக்கு மேலே, அவள் புருஷன் மருதை தன் கையால் இரும்புச் சட்டம் பற்றவைத்து மாட்டிய பலகை. 'அங்கம்மா மெஸ்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில், தலையில் சும்மாடும் தயிர்ப்பானையுமாக, இடுப்பில் ஒரு கையை ஊன்றி, இருபத்தேழு வயது வள்ளிக்கண்ணு சிரித்துக்கொண்டிருப்பாள். 'வடகரை வீடு' தொடரில் அவள் தயிர்க்கார அங்கம்மாவாக வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்துகிறவர்கள் இருந்தார்கள்.

கீழ வீதி ஜோதி டீச்சர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, ஒரு பிளாஸ்டிக் பாக்கெட்டை மேஜைமேல் பொத்தென்று வைத்தார்.

"என்ன வள்ளிக்கண்ணு, நீயே இப்படிப் பண்ணலாமா? உன் மூஞ்சியப் பாத்துத்தான் வாங்குனேன். பிரிச்சா குடலப் புரட்டுற நாத்தம்."

வள்ளிக்கண்ணு கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். தயிர்ப் பாக்கெட். 'அங்கம்மா தயிர்' என்று போட்டு, அதே பானை, அதே இடுப்புக் கை, அதே சிரிப்பு. இடது புருவத்துக்கு மேல் இருக்கும் மச்சம்கூட இருந்தது.

"நான் எங்க டீச்சர் பாக்கெட் போட்டேன்? எனக்கு வீட்டுக்குப் பொரை ஊத்தவே நேரம் பத்தல."

"பின்ன விளம்பரத்துல நீதான வந்து சத்தியம் பண்ற?"

உள்ளேயிருந்து வந்த மருதை செல்போனில் அந்த விளம்பரத்தைத் தேடி எடுத்தான். எங்கோ தெருவில் பானையை இறக்கி வைத்துவிட்டு, பழைய வள்ளிக்கண்ணு நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரலேதான். "எங்கம்மா மேல சத்தியமாச் சொல்றேன், இந்தத் தயிருல ஒரு சொட்டு கலப்படம் கெடையாது!"

"கம்ப்யூட்டர்ல செஞ்சிருக்கான்" என்றான் மருதை.

வள்ளிக்கண்ணு மறுபடி போடச் சொன்னாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் கோபத்தை விட்டுவிட்டு, தண்ணீர் மோந்து கொடுத்தார்.

அந்தச் சத்தியத்துக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது.

தொண்ணூற்றெட்டாம் வருடம் ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் பழைய வீடொன்றை வாடகைக்குப் பிடித்து, பீமராவ் என்கிற டைரக்டர் தொடர் எடுக்க வந்தார். தஞ்சாவூர்க்காரர். வெற்றிலையும் கையுமாக இருப்பார். கோபம் வந்தால் மட்டும் வீட்டுப் பாஷையான மராத்தியில் திட்டுவார். அந்த யூனிட்டுக்குச் சமைத்துப்போட்ட ஐந்து பேரில் வள்ளிக்கண்ணுவும் ஒருத்தி. ஒருநாள் லைட் போடுகிற ஆள் ஒருவன் தயிர்ப்பானைக்குள் கையை விட்டு வழித்து நக்கிவிட்டான். அவள் கரண்டியும் கையுமாக அவனை முற்றத்தைச் சுற்றித் துரத்தித் துரத்தித் திட்டினாள். கூடத்தில் உட்கார்ந்து சீன் எழுதிக்கொண்டிருந்த பீமராவ் பேனாவை மூடினார். மெட்ராஸிலிருந்து வரவேண்டிய நடிகை அன்றைக்கு வரவில்லை.

"இந்தம்மாவுக்கு ஒரு சேலை குடுங்கப்பா" என்றார்.

இரண்டே சீன் என்று எழுதப்பட்ட அங்கம்மா மூன்று வருடம் வந்தாள். "கொசுறு கேக்காத, கொறஞ்சு போயிருவேன்!" என்று அவள் சொன்னதை ஊரே சொன்னது. வியாழக்கிழமை சாயங்காலம் திருவானைக்காவல் தெருக்களில் எல்லா வீட்டு ஜன்னலிலிருந்தும் அவள் குரல் ஒரே நேரத்தில் கேட்கும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பூக்காரிகள் அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு முழம் முழமாகத் தலையில் வைத்துவிடுவார்கள். கண்டக்டர்கள் டிக்கெட் கிழிக்காமல், "ஒரு வாட்டி திட்டிட்டுப் போக்கா" என்று கெஞ்சுவார்கள். மருதை அப்போது துவாக்குடியில் வெல்டிங் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தான். லீவு நாளில் வந்து, ஷூட்டிங் நடக்கும் இடத்தில் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்பான். வெயில் தாழ்ந்ததும் கொள்ளிடக் கரையில் யூனிட் முழுக்க உட்கார்ந்து, அவள் கிண்டிவந்த உப்புமாவை வாழையிலைக் கிழிசலில் வைத்துத் தின்பார்கள். அதைப்போல ஒரு காலம் பிறகு அவளுக்கு வரவில்லை.

அந்த நாட்களில் ஒரு சீனில் அங்கம்மா தன் அம்மாமேல் சத்தியம் செய்யவேண்டியிருந்தது. வள்ளிக்கண்ணு முடியாது என்றுவிட்டாள். அவள் அம்மா அப்போது புத்தூர் ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்தாள்.

"நடிப்புதானேம்மா" என்றார் பீமராவ்.

"வாயி என்னுதுங்களே சார்."

அவர் எழுதிய தாளைக் கிழித்தார். "சரி, அங்கம்மாவுக்கு அம்மாவே கிடையாது. அநாதைன்னு எழுதிடறேன். இனிமே யாரும் உன்னைச் சத்தியம் பண்ணச் சொல்ல முடியாது" என்றார். அப்படியே எழுதினார். அந்த வாரக் கடைசியில் அவள் அம்மா இறந்துபோனாள்.

பீமராவும் போய்ச் சேர்ந்து பத்து வருடம் ஆகிறது. இப்போது எவனோ அந்த வாயிலேயே சத்தியத்தை வாங்கிவிட்டான்.

பெருக்கு முடிந்த மறுநாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதுவும் அவளுக்கு எதிராக. தொடரின் உரிமையைப் பழைய தயாரிப்பாளரிடமிருந்து சென்னைக் கம்பெனி ஒன்று வாங்கியிருக்கிறதாம். அங்கம்மா என்ற பாத்திரம் அவர்களுடைய சொத்தாம். பதினைந்து நாளுக்குள் மெஸ்ஸின் பெயரையும் பலகைப் படத்தையும் எடுக்கவேண்டுமாம்.

"நல்லாருக்கே! அவன் எடுத்துக்கிட்டதுக்கு நாம நோட்டீஸ் விடணும்னு பாத்தா, அவன் விடுறான்" என்று மருதை குதித்தான்.

கோர்ட் நாட்களில் அந்த மெஸ்ஸிலிருந்து சாப்பாடு எடுத்துப்போகிற வக்கீல் ஷஹனாஸிடம் இருவரும் போனார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். எந்தத் தாளையும் இரண்டு தடவை படிக்காமல் பேசாதவள். தொண்ணூற்றெட்டில் வள்ளிக்கண்ணு கையெழுத்துப் போட்ட ஒரு பக்க ஒப்பந்தத்தையும் அப்படித்தான் படித்தாள்.

"அக்கா, இதுல ரெண்டு விஷயம் இருக்கு. அங்கம்மாங்கிற ஆளு ஒண்ணு. அந்தப் பேரு, வசனம், கதை எல்லாம் பீமராவ் சார் கம்பெனிக்காக எழுதுனது. அது காப்பிரைட். வித்தா வாங்குனவங்களுக்குப் போயிடும். உங்க மூஞ்சியும் குரலும் வேற. அது நீங்க பொறக்கும்போதே உங்ககூட வந்தது. அத நீங்க எழுதிக் குடுக்கல. இந்தத் தாள்ல 'பாத்திரத்தின் சகல உரிமையும்'னுதான் இருக்கு."

"ரெண்டும் ஒட்டிக்கிட்டுல்ல இருக்கு?" என்றான் மருதை. "அங்கம்மாவுக்குன்னு தனியா மூஞ்சி ஏது? இவ மூஞ்சிதான?"

"அதான் அண்ணே கேஸே. அவங்க அங்கம்மா மூஞ்சிம்பாங்க. நாம வள்ளிக்கண்ணு மூஞ்சிம்போம். மூஞ்சிக்கும் குரலுக்கும் நான் தைரியமாச் சண்டை போடுவேன். மெஸ் பேரும் படமும்தான் கஷ்டம்." யோசித்துவிட்டு, "ஒரு வழி இருக்கு. கதையில ரெண்டு சீன்தான் இருந்துச்சுன்னீங்க. அப்புறம் அந்த நடை, அந்தப் பேச்சு எல்லாம் எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டாள்.

"இவதான் செஞ்சா. சார் இவ பேசப் பேச எழுதிக்குவாரு. நானே பாத்துருக்கேன்" என்றான் மருதை.

"அப்ப அங்கம்மாவ உண்டாக்குனதுல அக்காவுக்கும் பங்கு இருக்குன்னு கேக்கலாம். பிரமாண வாக்குமூலம் ஒண்ணு தயார் பண்றேன்."

இரண்டு நாள் கழித்துத் தாள் தயாரானது. ஷஹனாஸ் படித்துக் காட்டினாள். 'மேற்படி பாத்திரத்தின் நடை, பாவனை, பேச்சு ஆகியவற்றை நானே என் சொந்தக் கற்பனையில் உருவாக்கினேன் என்று சத்தியப் பிரமாணமாகக் கூறுகிறேன்.'

வள்ளிக்கண்ணு பேனாவை வாங்கினாள். கொஞ்சநேரம் வைத்திருந்தாள். பிறகு மூடிபோட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு வரேன் வக்கீலம்மா" என்றாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மருதை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே ஆரம்பித்தான்.

"இருவத்தேழு வருஷமா என்னைய மருதைன்னு எவன் கூப்புட்டான்? அங்கம்மா புருஷன்னுதான் கூப்புட்டான். நான் ஒரு நாளாவது சங்கடப்பட்டனா? சந்தோஷமாத்தான இருந்தேன்? இப்ப எவனோ தூக்கிட்டுப் போறான், நீ பேனாவத் திருப்பிக் குடுக்குற."

"நான் கற்பனை பண்ணலைங்க."

"பின்ன வானத்துல இருந்தா குதிச்சா?"

"அது வீராயிக்கா."

அவனுக்குப் பெயர் பிடிபடச் சற்றுநேரம் ஆனது. கல்யாணமாகி அவர்கள் இந்தத் தெருவுக்கு வந்த புதிதில், நொச்சியத்திலிருந்து கொள்ளிடம் பாலம் தாண்டி நடந்தே வந்து தயிர் விற்ற பெண்பிள்ளை. பானையை இறக்கும்போது ஒரு தடவை தெருவையே முறைத்துப் பார்ப்பாள். இடுப்பில் கையூன்றித்தான் பேசுவாள். கொசுறு கேட்டவர்களிடம் குறைந்துபோவதாக மிரட்டியது அவள்தான். பத்தொன்பது வயதில், பேச ஆளில்லாத புது ஊரில், காலையில் அந்தக் குரல் தெருமுனையில் கேட்டால்தான் வள்ளிக்கண்ணுவுக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும். காமிராவுக்கு முன்னால் நிற்கவைத்துப் பேசு என்றபோது வேறு யார் நடையும் அவளுக்கு வரவில்லை.

"அந்தம்மாவா கேஸு போடப் போகுது?" என்றான் மருதை.

"போடாதுதான். ஆனா எங்கிட்டயிருந்து எடுத்தவனத் திட்டுற வாயால, நான் எடுத்ததச் சொந்தக் கற்பனைன்னு எப்படிங்க சத்தியம் பண்றது?"

மருதை சட்டையை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கவிழ்த்ததும் அவள் நொச்சியத்துக்கு பஸ் ஏறினாள். வீராயியின் வீடு தெருக்கோடியில் இருந்தது. பக்கத்தில் ஓட்டுக் கொட்டகை, மூன்று மாடு. எழுபதைத் தாண்டிய வீராயி குத்துக்காலிட்டு உட்கார்ந்து பால் பீச்சிக்கொண்டிருந்தாள். காம்பிலிருந்து செம்புக்குள் பால் விழும் சத்தம் வாசல்வரை கேட்டது.

"நான்தாங்கக்கா. ஆனைக்கா வள்ளிக்கண்ணு."

"தெரியுது. கண்ணு ஒண்ணும் அவிஞ்சு போகல. அந்தக் கன்னப் புடி. காலையில முட்டி முட்டி அம்புட்டுப் பாலையும் கொட்டிருச்சு."

வள்ளிக்கண்ணு கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதன் எச்சில் சேலையெல்லாம் வழிந்தது. அப்படி நின்றபடியே பாக்கெட் தயிரையும், நோட்டீஸையும், வக்கீல் எழுதிய தாளையும் சொல்லி முடித்தாள். வீராயியின் கை நிற்கவில்லை.

"டிவியில வந்தது நீங்கதாங்கக்கா. உங்களுக்குத் தெரியுமோ என்னவோ..."

"எனக்குத் தெரியாதா? மொத வாரம் பாத்துட்டு நான் சிரிச்சேன். ரெண்டாவது வாரம் எங்கூட்டுக்காரரு சிரிச்சாரு. அப்புறம் உங்க தெருவே சிரிச்சிச்சு. ஒருநா கீழ வீதியில பானைய எறக்குறேன், ஒரு பொம்பள சொல்றா, 'டிவியப் பாத்துட்டு இந்தம்மாவும் அங்கம்மா மாதிரியே பண்ணுது'ன்னு. என் நடைய நான் காப்பியடிக்கிறனாம்."

"அதனாலதான் வரத நிறுத்துனீங்களாக்கா?"

"பின்ன? நடையவா மாத்த முடியும்?"

"பாக்கெட் தயிர் வந்துருச்சு, யாவாரம் படுத்துருச்சு, அதனாலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"பாக்கெட்டும் வந்துச்சு. அதுக்கு முன்னாடி நீ வந்துட்ட."

கன்று திமிறியது. வள்ளிக்கண்ணு அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்ல தாயி" என்றாள் வீராயி. "நானா வேண்டாம்னுருப்பேன்? சொல்லிக்கூடக் குடுத்துருப்பேன். முந்தானைய வலப்பக்கம் கொண்டுபோய்ச் சொருவியிருந்த. பானைய எறக்குற கையி வலக்கையி. தயிர் விக்கிற எவளாச்சும் வலப்பக்கம் சொருவுவாளா? மூணு வருஷம் வெள்ளிக்கு வெள்ளி... இல்ல வியாழனா... அதப் பாத்துப் பாத்து எனக்கு வயிறு எரிஞ்சுச்சு."

அழுதுகொண்டிருந்த வள்ளிக்கண்ணுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீராயி சிரிக்கவில்லை. அது அவளுக்கு நிஜமான குறைதான்.

"மன்னிச்சுக்கங்கக்கா."

வீராயி ஒரு டம்ளர் பாலை மோந்து நீட்டினாள். "குடி. அந்தத் தாளுல கையெழுத்துப் போட்டுட்டா பேரு ஒனக்குக் கெடைக்குமா?"

"கெடைக்கலாம்ங்கிறாங்க."

"போட்டுக்கயேன். நானா வந்து கேக்கப் போறேன்?"

"அதான்கா போட முடியல."

மறுநாள் வேறு வாக்குமூலம் எழுதப்பட்டது. அதில் முகமும் குரலும் மட்டும் இருந்தன. ஷஹனாஸ் வழக்குப் போட்டாள். முதல் வாய்தா வருவதற்குள் கம்பெனியிலிருந்து பிரவீன்ராஜ் என்கிற அதிகாரி ஷஹனாஸின் ஆபீசுக்கே வந்துவிட்டான். வந்ததும் வள்ளிக்கண்ணுவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

"எங்கம்மா உங்க ஃபேன்ம்மா. வியாழக்கிழமை எங்க வீட்ல சோறே லேட்டாத்தான் ஆகும். சண்டை எதுக்கு? உங்க மூஞ்சிக்குத் தனியா ஒப்பந்தம் போட்டுக்கலாம். மாசாமாசம் உங்களுக்கு ஒரு தொகை வந்துரும். மெஸ் பேரு, பலகை, எல்லாம் இருந்துட்டுப் போகட்டும். தயிரையும் சரி பண்ணிட்டோம்."

மருதை அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் தெரிந்த ஆசையை அவளால் பார்க்க முடியவில்லை. பலகை இருக்கும். அவன் அங்கம்மா புருஷனாகவே இருப்பான். தலைக்குமேல் அந்த மூன்று வருடம் சிரித்துக்கொண்டே இருக்கும்.

"அந்தச் சத்தியம் தம்பி?"

"அது விளம்பரத்துக்கு விளம்பரம் மாறும்மா. கம்ப்யூட்டர்லயே வசனம் போட்டுக்கலாம். நீங்க மெனக்கெட்டு வரவேண்டியதே இல்ல."

"நான் சொல்லாததையெல்லாம் நான் சொல்லுவேன்."

"நீங்க இல்லம்மா, அங்கம்மா சொல்லுவாங்க."

"அங்கம்மாவுக்கு அம்மா கெடையாதே தம்பி. உங்கம்மாவக் கேளுங்க, அவங்களுக்கு ஞாபகமிருக்கும். அவ அநாதை. அப்ப எந்த அம்மா மேல அவ சத்தியம் பண்ணா? அது எங்கம்மாதான?"

பிரவீன்ராஜ் ஷஹனாஸைப் பார்த்தான். அவள் தாளில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள்.

வள்ளிக்கண்ணு மெதுவாகவே சொன்னாள். "அங்கம்மாவ எடுத்துக்கங்க. பேரு, வசனம், பானை எல்லாம் கொண்டுபோங்க. அது எனக்கும் எரவலா வந்ததுதான். மூஞ்சியும் குரலும் தரமாட்டேன். இதுல எங்கம்மா சாடை இருக்கு."

புரட்டாசி பிறக்கும்போது சமரசப் பத்திரம் கையெழுத்தானது. விளம்பரம் போனில் வருவது நின்றது. புதிய பாக்கெட்டில் பானை சுமந்த ஒருத்தியைக் கோட்டோவியமாக, முதுகு தெரிய வரைந்திருந்தார்கள். தன் பங்குக்கு, பலகையை இறக்க வள்ளிக்கண்ணு ஒப்புக்கொண்டிருந்தாள்.

மருதை நாலு நாள் அதைத் தள்ளிப்போட்டான். ஐந்தாம் நாள் காலை இட்லி வியாபாரம் ஓய்ந்தபிறகு ஏணியைச் சாத்தி ஏறினான். இருபது வருடத் துரு. போல்ட்டு அசையவில்லை. கடைசியில் ரம்பம் போட்டு அறுத்தான். கீழே நின்று அவள் பலகையை வாங்கிக்கொண்டாள். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. அந்த முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். கொள்ளிடக் கரைக் காற்றில் உப்புமா தின்றுகொண்டு, இனி எல்லாமே இப்படித்தான் இருக்கும் என்று நம்பியிருந்த பெண். யார்மேலும் கோபம் வரவில்லை. துணியால் புழுதியைத் துடைத்து, பின்கட்டில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

"புதுசுல என்ன எழுதட்டும்?" என்று ஏணியிலிருந்தே கேட்டான் மருதை. அந்த வாரத்தில் அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"வள்ளிக்கண்ணு மெஸ்னு போடுங்க."

"சப்புன்னு இருக்கு" என்றான். ஆனாலும் எழுதினான். எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது.

கூட்டம் ஒரு மாதத்துக்குக் குறைந்தது. பிறகு பழைய ஆட்கள் திரும்பி வந்தார்கள்.

ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு மதியம், ஆறு மேஜையும் நிறைந்திருந்தது. வாசலோரம் இரண்டு பேங்க்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் பஸ் இறங்கி வீராயி வந்தாள். தண்ணீர் தேங்கிய பள்ளங்களைச் சுற்றி, இடுப்பில் கையை ஊன்றி, தெருவை இரண்டு பக்கமும் முறைத்தபடி நடந்து வந்தாள். டாக்டரிடம் காலைக் காட்ட வந்தவள், பசிக்கிறதே என்று இப்படித் திரும்பியிருக்கிறாள்.

பேங்க்காரர்களில் மூத்தவர் சோற்றுக் கையோடு பக்கத்து ஆளை இடித்தார். "அந்தம்மா வர்றதப் பாருங்க சார். வடகரை வீட்டு அங்கம்மாவ அப்படியே காப்பியடிச்சு நடக்குது!"

சாம்பார் வாளியோடு நின்ற வள்ளிக்கண்ணு திரும்பினாள். பேச்சு வீராயியின் காதிலும் விழுந்திருந்தது. அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இல்லீங்க சார்" என்றாள் வள்ளிக்கண்ணு, எல்லா மேஜைக்கும் கேட்கும்படி. "அது அவங்க நடை. காப்பியடிச்சது நான்."

அவர் ஒன்றும் புரியாமல் இவளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பரிமாறிக்கொண்டிருந்த மருதை இலைக்கட்டை வைத்துவிட்டுப் போய், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்கக்கா, உக்காருங்க" என்றான்.

வீராயி உட்கார்ந்தாள். வள்ளிக்கண்ணு தலைவாழை இலையாகப் பார்த்து எடுத்துப் போட்டு, சோற்றை வைத்து, பக்கத்திலேயே நின்றாள். வீராயி குழம்பைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்றாள். தெரு, மேஜை, மனிதர் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றாள். "மத்தபடி நல்லாத்தான் இருக்கு. இன்னுங் கொஞ்சம் ஊத்து."